பழுது பார்த்த இடம்

சுவரொட்டியில் மூன்றே சொற்கள்:
செல்லோ, குரல், எலெக்ட்ரானிக்ஸ்.
கீழே சைக்கிள் டியூப் விற்கும் ஊய், கட்டடக்காரர்,
கடைசிச் சொல்லில் விரல் வைத்து
எந்தக் கம்பெனி, பாயான் லெப்பாசா என்று மலாயில் கேட்டார்.
தப்பில்லை.
எனக்கு அங்கேதான் இரவு ஷிப்ட்,
சிப்புகளைச் சோதிக்கும் எந்திரங்களைச் சோதிக்கிறேன்.
இதற்காக நான்கு நாள் விடுப்பு.
காரணம்: குடும்பக் காரியம்.

ஜசிந்தா எழுதிய ஓப்பராவில் ஒருத்திதான் உண்டு.
பன்னிரண்டு மணி நேரம்
நுண்ணோக்கிக்குள் குனிந்திருப்பவள்.
வெள்ளை அங்கி, முகமூடி, பேசக் கூடாது.
ஆகவே ஐந்தாம் அங்கம் வரை வாய் திறக்காத பாட்டு:
மூக்கில் ஒரு ம்
தொண்டையில் ஒரு ங்
நாக்கை மடித்து ஒரு ழ்.
வில் கம்பியில் இறங்கும்போது
எது அவள் எது மரம் என்று
ஒலிவாங்கிக்கே குழம்பிவிடும்.
கதை எங்கே என்று கேட்டவர்களிடம்
கழிப்பறைக்குப் போக அவள் கை தூக்குவாளே
அதுதான் இரண்டாம் அங்கம் என்பாள்.

என் வேலை அவள் மூச்சை வாங்கி
ஏழு நொடி வைத்திருந்து திருப்பித் தருவது.
கைமாற்று மாதிரி.

தொல்லை கொடுத்தது கட்டடம்.
சூலியா தெருவுக்குப் பின்னால், மாடியில்,
யார் காலத்து ஒயரிங்கோ,
ஸ்பீக்கரைத் திறந்தாலே ஒரு ம்ம்ம்.
எர்த் மாற்றினேன். ஹஃபீஸ் விளக்குகளைப் பாதியாகக் குறைத்தான்.
ஊய் கடையின் ஐஸ்பெட்டியைக் கூடப் பிடுங்கிப் பார்த்தோம்.
கதை கேட்காமலே உம் கொட்டிக்கொண்டிருந்தது.

நாற்பது நாற்காலி, இருபத்து மூன்று பேர்,
அதில் மூவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
தகரக் கூரையை மழை பிடித்துக்கொண்டது.
மூன்றாம் அங்கத்தில் அவள் மூச்சை விட்டாள்.
ஏழு நொடி.
எட்டு.
பதினொன்று.
திரும்பி வரவில்லை.
திரையில் நீல வட்டம் சுற்றுகிறது.
அவள் என்னைப் பார்த்தாள்.
இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினேன்,
கடன்காரன் காட்டுவது போல.

மிச்சம் இருந்தது அந்த ம்ம்ம் மட்டும்.

அவள் அதைக் கேட்டாள்.
தலையைச் சாய்த்து, பிரடையைப் பிடித்து,
தடித்த கம்பியை இறக்கத் தொடங்கினாள்.
வில் நிற்கவில்லை. கம்பி தொளதொளத்து மரத்தில் அடித்தது.
சுவரின் சுதியும் அவள் சுதியும் உரசிக்கொண்டன:
வாவாவாவாவா
பிறகு வா வா வா
பிறகு வா
நெடுநேரம் கழித்து இன்னொரு வா
அப்புறம் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அப்போது வாயைத் திறந்தாள், இரண்டு அங்கம் முன்னதாக.
பெரிய குரல் ஒன்றும் இல்லை.
நானூற்றுப் பதினொன்று என்றாள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
நாங்கள் எழுதாத வரி.
எண்களுக்கு நடுவே மழை தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

நான்காவது நிமிடம் கணினி உயிர்த்தது.
ஃபேடரில் விரல் வைத்தேன், ஏற்றவில்லை.
அடக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
பயம்.

முடிந்ததும் மழைக்கோட்டோடு ஒருவர் வந்தார்,
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி.
'நல்லா இருந்திச்சு லா.
நடுவுல ரிப்பேர் பண்ணீங்களே, அதுதான்.'
ஜசிந்தா நன்றி சொன்னாள்.
அவர் போன பிறகு சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.
வில்லின் மயிரைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

ஊய் குனிந்து டார்ச் அடித்தார்.
செல்லோவின் ஊன்றுமுள் பலகையில் இறங்கியிருந்தது,
பென்சில் முனை நுழையும் அளவு.
முன்பணத்தில் முப்பது ரிங்கிட் பிடித்துக்கொண்டார்.
பேரம் பேசத் தோன்றவில்லை.

பெட்டியை இருவருமாகப் படியில் இறக்கினோம்,
அவள் தலைமாட்டில், நான் கால்மாட்டில்,
ஏழாம் படி ஆடும், கவனம்,
ஏழாம் படி என்று
ஒருவருக்கொருவர் சொல்லியபடி.